மணல் மேசையில் பிறந்த பூதம்

1752ஆம் ஆண்டு. புதுச்சேரியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம். ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் கைகுலுக்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் சோழமண்டலக் கரையில் இரண்டு கம்பெனிகளும் ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொண்டன. ஆங்கிலேய மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் கடலூர்ப் பக்கத்திலிருந்து படையோடு வந்தார். எதிரே புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் உறவினர் கெர்ஜான். பிரெஞ்சுப் படை புதுச்சேரியின் எல்லை வேலியை ஒட்டிப் போய் ஒண்டிக்கொண்டது. பேருக்குச் சமாதானம் நிலவியதால், வேலிக்குள் நுழையக் கூடாது என்று லாரன்சுக்குக் கண்டிப்பான உத்தரவு. எதிரி கண்ணெதிரே நின்றான், தொடத்தான் முடியவில்லை.

லாரன்ஸ் ஒரு நாடகம் போட்டார். பயந்துபோனவரைப் போல அவசர அவசரமாகப் பாகூருக்குப் பின்வாங்கினார். வேலிக்குள் பத்திரமாக இருந்த கெர்ஜான் துரத்திக்கொண்டு வெளியே வந்தார். விடிவதற்கு முன்பே பாகூர் வயல்வெளியில் துப்பாக்கிகள் வெடித்தன. பயோனெட் முனைகள் ஒன்றோடொன்று மோதின. பொழுது புலர்ந்தபோது கெர்ஜான் கைதியாகியிருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்க் கோட்டை விழுந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. இப்படி ஒரு விதியும் அதைச் சுற்றி வளைத்த ஒரு தந்திரமும் ஆயிரக்கணக்கான உயிர்களின் தலையெழுத்தை மாற்றிய நூற்றாண்டு அது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இந்தத் தந்திரங்களையெல்லாம் முன்கூட்டியே பழகிப் பார்க்க வழி உண்டா? ஐரோப்பியப் படிப்பாளிகளை இந்தக் கேள்வி பிடித்து ஆட்டியது. அதற்கு விடை தேடிய முதல் ஆள் போர்வீரரே அல்ல.

அவர் ஒரு கணக்கு வாத்தியார். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் அரசவையில் சேவகம் பழகிய பிரபுவீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த யோஹான் ஹெல்விக். அவர் கையில் எடுத்தது சதுரங்கத்தை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையோடு இந்தியாவிலிருந்து பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்த ஆட்டம். வழியில் அது உருமாறியும் இருந்தது. அரசனுக்குப் பக்கத்தில் நின்ற அமைச்சர் பல நூற்றாண்டுகளாக ஒரே ஒரு கட்டம் குறுக்கே நகர்ந்த பலவீனமான காய். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர்கள் அந்தக் காயை ராணியாக்கிப் பலகையின் எல்லாத் திசைகளிலும் ஓடவிட்டார்கள். ஒரே ஒரு காய் வலுத்ததும் பழைய ஆட்ட முறைகள் மொத்தமும் செல்லாக்காசாயின. காய் பெருத்தால் விதி மாறும் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

1780இல் ஹெல்விக் அந்தப் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்தார். மலைக்கு ஒரு நிறம், ஆற்றுக்கு ஒரு நிறம், பீரங்கிக்கு ஒரு காய் என்று சேர்த்துக்கொண்டே போனார். ஆட்டம் விற்றது. ஆனாலும் கட்டம் கட்டமாக நகரும் படையைப் பார்த்த அதிகாரிகளுக்கு மனம் நிறையவில்லை. நிஜ நிலத்தில் கட்டம் ஏது? அந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் மணலை அள்ளினார்.

கேயோர்க் லெயோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் பிரபு அவர். பிரெஸ்லாவ் நகரத்து அதிகாரி. மேசை மேல் ஈர மணலைக் கொட்டி, கையாலேயே குன்றும் பள்ளத்தாக்கும் பிடித்து, அதன் மேல் மரக்கட்டைகளைப் படைப்பிரிவுகளாக நகர்த்தினார். கட்டம் கிடையாது. அளவுகோல் வைத்து அளந்து நகர்த்தினார். 1811இல் செய்தி இளவரசர்களின் காதுக்கு எட்டியது. பதினான்கு வயது இளவரசர் வில்ஹெல்முக்கு அந்த மணல் விளையாட்டு அடங்காத பரவசம். மகன்கள் வாயிலாக அரசர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்மும் பார்க்க ஆசைப்பட்டார். அந்த ராஜ ஆசைதான் வினையாக முடிந்தது.

மன்னருக்குப் போய் மணலைக் கொடுப்பதா? ரைஸ்விட்சின் மனம் ஒப்பவில்லை. மாதக்கணக்கில் உழைத்தார். 1812இல் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பிரம்மாண்டமான மர மேசை. மேலே ஆறும் காடும் சாலையும் வண்ணம் தீட்டிய நிலத்துண்டுகள். அவற்றைக் கலைத்துப் போட்டு விரும்பிய நிலப்பரப்பை அமைக்கலாம். கீழே அடுக்கடுக்காக இழுப்பறைகள், அவற்றுக்குள் பீங்கான் காய்கள். மன்னர் மயங்கிப்போனார். அரச குடும்பம் இரவு வெகுநேரம் விளையாடியது. ஆனால் அந்த மேசையை இன்னொருவர் வாங்க முடியுமா? படைமுகாமுக்குத் தூக்கிப் போகத்தான் முடியுமா? அழகும் விலையும் கூடிக் கூடி, போரைக் கற்றுத்தர வேண்டிய கருவி அரண்மனைக்கு உள்ளேயே சிறைப்பட்டது. அதை விடுவித்தவர் ரைஸ்விட்ஸ் பெற்ற மகன்.

இளைய ரைஸ்விட்ஸ் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். அப்பாவின் மேசையை மொத்தமாகத் தூக்கி எறிந்தார். அதன் இடத்தில் ஒரு காகித வரைபடம். பீங்கானுக்குப் பதில் சிவப்பும் நீலமும் பூசிய சின்னக் கட்டைகள். போரில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதால் பகடை. எதிரியின் நகர்வு கண்ணில் படக் கூடாது என்பதால் நடுவில் ஒரு நடுவர். ஒவ்வொரு முறையும் போர்க்களத்தின் இரண்டு நிமிடம். 1824இல் படைத் தலைமைப் பணியகத்தின் தலைவரான தளபதி ம்யூஃப்லிங்கின் முன் ஆட்டத்தை விரித்தார். முதலில் அசிரத்தையாக அமர்ந்திருந்த தளபதி, ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்க நாற்காலியின் நுனிக்கு வந்தார். இது விளையாட்டே அல்ல, போர்ப்பயிற்சி என்று வியந்து, முழுப் படைக்கும் பரிந்துரைத்தார். ரெஜிமென்ட் ரெஜிமென்டாக ஆட்டம் பரவியது. அதைப் படைத்தவருக்கு மட்டும் வேறு முடிவு காத்திருந்தது.

சக அதிகாரிகளின் பொறாமை வளர்ந்தது. தோர்காவ் என்ற ஒதுக்குப்புறமான கோட்டைக்கு அவர் மாற்றப்பட்டார். அதை அவமானமாக எண்ணிய ரைஸ்விட்ஸ் 1827இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய காகிதப் போர் நின்றுவிடவில்லை. மணல் மேசையைப் பார்த்துக் குதித்த அதே வில்ஹெல்ம், 1871இல், பிரான்சுடனான வெற்றிப் போரின் நடுவே, ஜெர்மனியின் பேரரசராக அறிவிக்கப்பட்டார். பிரஷ்ய அதிகாரிகள் மேசையில் பயின்ற கதை உலகெங்கும் பரவியது. ஆட்டம் படைமுகாம்களுக்குள் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை வீட்டுக்குள் இழுத்து வந்தவர்கள் கதாசிரியர்கள்.

1880களின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் தாவோஸ் மலையூரில் நுரையீரல் நோய்க்குச் சிகிச்சை பெற்ற ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், பரண் தரையில் மனைவியின் மகனோடு ஈய வீரர்களை அணிவகுத்துப் போர் நடத்தினார். அப்போது ஈய பொம்மை பணக்கார வீட்டுப் பொருள். ஜெர்மனியிலிருந்து வந்த கனத்த வார்ப்புகளுக்கு விலை அதிகம். 1893இல் லண்டன் பொம்மைத் தயாரிப்பாளர் வில்லியம் பிரிட்டன் ஒரு நுட்பம் கண்டார். உருக்கிய ஈயத்தை அச்சுக்குள் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலிருக்கும் குழம்பை வெளியே கொட்டிவிடுவது. பொம்மை உள்ளே குழாயாகிவிடும். ஈயச் செலவும் எடையும் குறைந்தன, விலையும் சரிந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் கையில் படைகள் வந்து இறங்கின. அந்தப் பொம்மைகளைப் பெரியவர்களும் எடுத்து விளையாடத் தொடங்க ஒரு மதியச் சாப்பாடு போதுமானதாக இருந்தது.

கென்ட் கடற்கரையில் எச்.ஜி. வெல்சின் வீடு. சாப்பாடு முடிந்ததும், விருந்தாளியாக வந்திருந்த நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம், பக்கத்து மேசையில் இருந்த பொம்மைப் பீரங்கியை எடுத்து ஒரு பொம்மை வீரனைக் குறிபார்த்துச் சுட்டார். வில் விசையில் பாயும் மரத்துண்டு வீரனைச் சாய்த்தது. பெருமை பேசி மற்றவர்களுக்குச் சவால் விட்டார். சிரிப்பில் தொடங்கியது வெல்சை விடவில்லை. கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கிக் குன்றாக்கினார். காலாள் ஓர் அடி, குதிரை இரண்டு அடி என்று நகர்வை வகுத்தார். பீரங்கி எல்லோரையும் கொன்று குவித்ததால் ஆட்டம் சப்பென்று போக, நான்கு ஆள் பக்கத்தில் இல்லாத பீரங்கி சுட முடியாது என்று மாற்றினார். யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடிகாரம் வைத்தார். 1913இல் அந்த விதிகள் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாயின. நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்பதை இந்த ஆட்டத்தை மூன்று நான்கு முறை ஆடினாலே உணரலாம் என்ற பொருளில் அதில் எழுதினார். மறு ஆண்டே ஐரோப்பா பற்றி எரிந்தது.

இரண்டு உலகப் போர்கள் முடிந்தன. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆர்வலர்கள் நெப்போலியன் படையையும் ரோமானியப் படையையும் ஈயத்தில் வார்த்து, ஒவ்வொரு பித்தானுக்கும் சரியான நிறம் தீட்டி ஆடினார்கள். வரலாறு துளி பிசகக் கூடாது என்பது அவர்கள் எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை உடைக்க ஒருவர் அமெரிக்காவின் விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் உட்கார்ந்திருந்தார்.

கேரி கைகாக்ஸ். 1970இல் காப்பீட்டு நிறுவன வேலை போய், வீட்டின் நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பத்தை நடத்தியவர். அதே நிலவறையில் ஒரு மணல் மேசையும் இருந்தது. ரைஸ்விட்ஸ் மன்னருக்குத் தரக் கூசிய அதே மணல். நண்பர் ஜெஃப் பெரன் தன்னிடமிருந்த இடைக்கால வீரர் பொம்மைகளுக்காகச் சில பக்கங்களில் விதிகள் எழுதி வந்தார். கைகாக்ஸ் அவற்றை வளர்த்தார். 1971இல் 'செயின்மெயில்' என்ற பெயரில் புத்தகம் வெளிவந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு பின்னிணைப்பு. அதில் மந்திரவாதி, பூதம், நெருப்பைக் கக்கும் டிராகன். நான்கு ஆளுக்குச் சமமான ஒற்றை வீரன். கற்பனைக் கதாசிரியர் டோல்கீனைப் படித்து வளர்ந்த இளைஞர்கள் துள்ளினார்கள். வரலாற்று ஆர்வலர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆட வந்தவர்களுக்கு வேறொரு சிக்கல். டிராகன் பொம்மைக்கு எங்கே போவது?

ஈய வார்ப்படக்காரர்களுக்கு அப்படிப்பட்ட உருவங்களை வார்க்கும் எண்ணமே அப்போது பெரிதாக இல்லை. கைகாக்ஸ் பொம்மைக் கடைக்குப் போனார். மலிவு பிளாஸ்டிக் டைனோசார் ஒன்றை வெட்டி ஒட்டி டிராகன் ஆக்கினார். ஹாங்காங்கில் தயாராகிச் சில்லறைக் காசுக்குப் பையோடு விற்ற விசித்திர மிருகங்கள் சில அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. இரும்பைத் தின்னும் ஒரு ஜந்து, ஆந்தைத் தலைக் கரடி, மண்ணுக்குள் பாயும் ஒரு கவச மிருகம் என அவை பெயரும் குணமும் பெற்றன. இன்று உலகம் முழுக்கக் கற்பனை ஆட்டக்காரர்கள் அஞ்சும் அந்த மூன்று ஜந்துக்களும் மலிவு பிளாஸ்டிக்கின் வயிற்றில் பிறந்தவை. அவற்றின் அருமை அப்போது அந்த நிலவறைக்கு வெளியே எட்டவில்லை.

மினசோட்டாவின் டேவ் ஆர்னெசன் இன்னோர் அடி எடுத்துவைத்தார். ஒரு படைக்குப் பதில் ஒரே ஒரு மனிதனை ஒருவர் நடத்தினால்? அந்த யோசனையும் கைகாக்சின் விதிகளும் கூடி, 1974 ஜனவரியில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. ஆயிரம் பெட்டிகள், கையால் சேர்த்து அடுக்கியவை. விலை 10 டாலர். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும், பொம்மை இல்லாமலும் ஆடலாம். ஓராண்டுக்குள் அத்தனையும் தீர்ந்தன. ஒரு பெட்டி அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டனுக்குப் போனது. அதைப் பிரித்த மூவரின் பாக்கெட்டில் பணமே இல்லை.

இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக். மரப்பலகை ஆட்டங்கள் செய்து விற்க 1975இல் லண்டன் அடுக்ககம் ஒன்றில் 'கேம்ஸ் வொர்க்ஷாப்' என்று பெயர் வைத்தார்கள். டிராகன் ஆட்டம் பிடித்துப்போயிற்று. ஆறு பிரதிகளுக்கு மேல் வாங்கக் காசு இல்லை. ஆறுதான் வரவழைத்தார்கள். அந்த ஆறு பிரதிகளின் பேரில் ஐரோப்பா முழுவதற்கும் விற்கும் உரிமை கிடைத்தது! வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வரத் தொடங்கியதில் அடுக்ககம் கைவிட்டுப் போனது. லிவிங்ஸ்டனும் ஜாக்சனும் மாதக்கணக்கில் ஒரு வேனில் படுத்து எழுந்தார்கள். வேனிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து கடைகளின் சங்கிலிக்கும் நிறுவனம் வளர்ந்தது. பொம்மைகளுக்கென்று பிரையன் ஆன்செல்லின் துணையோடு 'சிட்டடல் மினியேச்சர்ஸ்' என்ற தனிப் பட்டறையும் எழுந்தது. அங்கேதான் புதுச் சிக்கல் முளைத்தது.

டிராகன் ஆட்டத்துக்கு ஒருவருக்கு ஒரு வீரன் போதும், கூடவே நாலைந்து அரக்கர்கள். பட்டறையில் வார்ப்பு ஓயாமல் நடக்க அது போதுமா? ஒருவர் நூற்றுக்கணக்கில் வாங்க ஒரு காரணம் வேண்டும். பெரும் படைகள் மோதும் ஓர் ஆட்டம் வேண்டும். ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி, ஆன்செல் மூவரும் எழுதிய ஆட்டம் 1983இல் பெட்டியில் வந்தது. பெயர் 'வார்ஹாமர்'. ஹெல்விக் முதல் கைகாக்ஸ் வரை ஆட்டத்துக்காகக் காய் தேடினார்கள். இங்கே காய்க்காக ஆட்டம் எழுதப்பட்டது. கதையே தலைகீழாகத் திரும்பிய இடம் அது.

1987இல் அதன் தம்பியாக, நாற்பதாயிரமாவது ஆண்டின் விண்வெளிப் போர் வந்தது. ஈயக் கலவை போய்ப் பிளாஸ்டிக் வந்தது. உருக்கில் குடைந்த அச்சுக்குப் பெரும் செலவு, ஆனால் அச்சு தயாரானபின் பொம்மைகள் மளமளவென்று விழும். உலோகத்தில் வார்த்த பெரிய டிராகனின் இறக்கை தன் கனத்தாலேயே பெயர்ந்து விழுந்த காலம் முடிந்தது. பிளாஸ்டிக்கிலும் பிசினிலும் பூதங்கள் வளர்ந்தன. 2007இல் பேன்பிளேடு என்ற பிரம்மாண்ட டாங்கி பிளாஸ்டிக்கில் வந்தபோது, அப்படிப்பட்ட பூதாகாரங்கள் மோத 'அபோகலிப்ஸ்' என்ற தனி விதிப்புத்தகம் எழுதினார்கள். சாதாரண ஆட்டத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. 2013இல் ஒரு துணைப்புத்தகம் அந்த வேலியைத் திறந்துவிட்டது. 2014இன் பதிப்பில் பூதங்கள் பிரதான விதிப்புத்தகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்தன. அதே ஆண்டில் பெரிய எந்திர வீரர்களின் பெட்டியும் கடைக்கு வந்தது.

இப்படிப் படிப்படியாக எழுந்ததுதான் இன்று பெருநகரப் பொழுதுபோக்குக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் முழங்கைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த ராட்சத மினியேச்சர். வார்லார்ட் டைட்டன் என்ற ஒரே ஒரு பிசின் எந்திரப் பூதத்தின் விலை ஆயிரம் பவுண்டுக்கும் மேல், நம் ஊர்க் கணக்கில் லட்ச ரூபாயைத் தாண்டியது. அதை ஒட்டி, சாயம் பூசி முடிக்க மாதங்கள் போகும். முடிக்கும் நேரத்தில் விதியே மாறியிருக்கக்கூடும். விண்வெளிப் போருக்கு 2023க்குள் பத்துப் பதிப்புகள். அண்மைக்காலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒன்று. நேற்று வெல்ல முடியாத பூதம் இன்று அலமாரிச் சிலை. ஒரே படை மாறாமல் நிற்க, அதன் வலிமை மட்டும் காகிதத்தில் ஏறி இறங்கியது. ஆட்டக்காரர்களின் கோபமும் இங்கேதான் திரண்டது.

அந்தக் கோபம் 2015இல் வெடித்தது. 32 ஆண்டுகள் வாழ்ந்த வார்ஹாமரின் பழைய உலகத்தை நிறுவனம் கதையிலேயே அழித்தது. சதுர அடிப்பலகையில் வரிசைகட்டி நின்ற படைகளின் இடத்தில் வட்ட அடிப்பலகையும் பெரிய உருவங்களும் வந்தன. தடிமனான விதிப்புத்தகம் நான்கே பக்கமாகச் சுருங்கி இலவசமானது. எந்தப் படைக்கு எவ்வளவு மதிப்பு என்ற புள்ளிக்கணக்கே அதில் இல்லை. அடுத்த ஆண்டே புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதற்கிடையில் ரசிகர்கள் ஒன்றுகூடித் தாங்களே 'நைன்த் ஏஜ்' என்ற விதிப்புத்தகத்தை எழுதி, பழைய சதுரப் படைகளைத் தொடர்ந்து ஆடினார்கள். செத்ததாக அறிவிக்கப்பட்ட ஆட்டம் மேசைகளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

2024 ஜனவரியில் அந்தப் பழைய உலகம், சதுர அடிப்பலகையோடும் வரிசைப் படையோடும், நிறுவனத்தின் பெயரிலேயே கடைக்குத் திரும்பி வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு காலத்தில் ஆறு பிரதிக்கு மேல் வாங்க முடியாத அந்த நிறுவனம் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாயிற்று. இரண்டு செய்திகளும் ஒரே கதையின் இரண்டு முகங்கள். பொம்மையை வளர்த்தது முதலீடு, ஆட்டத்தைக் காப்பாற்றியவர்கள் ஆடியவர்கள்.

பெரிய உருவத்தின் மீது மனிதனுக்குள்ள மோகம் நியாயமானது, அழகானதும்கூட. களிமண்ணைக் கையால் பிடித்துச் சுட்டு உருவம் எழுப்பும் சுடுமண் கலைக்கு, அன்று கோட்டை விழுந்த அதே வில்லியனூர் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்தக் கலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கைகளின் அருமை தெரிந்த யாரும் பேருருவத்துக்குக் கேட்கும் கூலியைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்த இடம் மலிவான பொருள்: ஈர மணல், காகித வரைபடம், உள்ளீடற்ற ஈயம், சில்லறைக்கு வாங்கிய பிளாஸ்டிக் டைனோசார். விலை உயர்ந்த இடங்களில் அது மெருகேறியது, கையில் காசில்லாதவர்கள் புகுந்த இடங்களில் அது பரவியது. விதிகள் இனியும் மாறும், பூதங்கள் இனியும் வளரும். ஆடுகிறவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் மேசையை வைத்திருக்கிற நிறுவனமே அடுத்த நூற்றாண்டுக்கும் இந்த ஆட்டத்தை எடுத்துச் செல்லும்.